"வெறும் எக்ஸ்எஸ்எஸ்தானே" என்று தள்ளிப்போடாதீர்கள்

எக்ஸ்எஸ்எஸ் என்பது, தாக்குபவர் தன் ஸ்கிரிப்டை வேறொருவரின் வலைப்பக்கத்துக்குள் நுழைத்து ஓட வைக்கும் ஓட்டை. அப்படி ஒன்று வெளியானதும் பல அட்மின்கள் முதலில் பார்ப்பது அதன் ஆபத்து மதிப்பெண்ணைத்தான் (பத்துக்கு). 6.1, நடுத்தரம். சரி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மெயில், காலண்டர், ஃபைல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் சிம்ப்ரா போன்ற மென்பொருளில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. பயனரின் பிரவுசரில் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டால், லாகின் செய்திருக்கும் அவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் செய்யும். லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கியை ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபி ஒன்லி போட்டிருந்தாலும், குக்கியைத் தொடாமலே மெயிலை அள்ளிக்கொண்டு போகலாம்.

2023இல் வந்த சிவிஇ-2023-37580 என்ற எண்ணுள்ள ஓட்டையை எடுத்துக்கொள்வோம். சிம்ப்ரா 8.8.15இன் கிளாசிக் வெப் கிளையன்டில் (பிரவுசரில் மெயில் பார்க்கும் பக்கம்), மொபைல் பக்கத்துக்கான ஒரு கோப்பில் 40ஆவது வரி. யூஆர்எல்லில் வரும் 'எஸ்டி' என்ற மதிப்பை, மறைந்திருக்கும் ஒரு இன்புட் புலத்தின் மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே போட்டிருந்தார்கள். அந்த மதிப்பிலேயே ஒரு மேற்கோள் குறியை வைத்தால் புலத்தின் மதிப்பு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் எழுதுவதெல்லாம் பக்கத்தின் சொந்த நிரல்போல ஓடும். திருத்தமும் அதே ஒரு வரிதான்: மேற்கோள் போன்ற குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் 'எஸ்கேப்எக்ஸ்எம்எல்' ஃபங்ஷன் வழியாக மதிப்பை அனுப்பினார்கள்.

அந்தத் திருத்தம் ஜூலை 5 அன்றே, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. கையால் திருத்தும் வழியை ஜூலை 13 அன்று அறிவித்தார்கள். முறையான பேட்ச், அதாவது நிறுவனமே வெளியிடும் திருத்தப் பதிப்பு, வந்தது ஜூலை 25. கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு கண்டறிந்த நான்கு தாக்குதல்களில், கிரீஸ் அரசு அமைப்பைக் குறிவைத்த முதலாவது மட்டும்தான் ஜூலை 5க்கு முந்தையது. மால்டோவாவையும் துனிசியாவையும் தாக்கியது, வியட்நாமைத் தாக்கியது, பாகிஸ்தானைத் தாக்கியது மூன்றும் அதற்குப் பிறகு. பாகிஸ்தான் தாக்குதல் பேட்ச் வந்தே ஒரு மாதம் ஆன பின் நடந்தது. எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஆகவே திருத்தம் பொதுவில் வந்த நாளையே கெடு நாளாக வையுங்கள், பேட்ச் வரும் நாளை அல்ல.

"சர்வரை நிறுத்த நேரம் கிடைக்கவில்லை" என்பதும் இங்கே செல்லாது. கையால் செய்யும் அந்தத் திருத்தத்துக்கு ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு மெயில்பாக்ஸ் சர்வரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றை மறந்தால் ஓட்டை அப்படியே இருக்கும்.

ஃபயர்வாலில் 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. மேற்கோளை மூடிவிட்டு உள்ளே வருபவனுக்கு அந்தச் சொல்லே வேண்டாம். புலத்தையும் மூடிவிட்டு ஒரு படக் குறியைச் சேர்த்து, 'படம் வராவிட்டால் இதை ஓட்டு' என்பதுபோல நிகழ்வைக் கையாளும் ஒரு பண்பை அதில் வைத்தால் போதும். வடிகட்டி கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே.

பயனர் மீது பழிபோடுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். "தெரியாத லிங்கை ஏன் தொட்டாய்?" என்கிறார்கள். இந்த வகைத் தாக்குதலில் வரும் லிங்க் உங்கள் மெயில் சர்வரின் முகவரியிலேயே தொடங்குகிறது! தினமும் திறக்கும் அதே பெயரைப் பார்த்து அவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

பேட்ச் போட்டதும் டிக்கெட்டை மூடிவிடுவதுதான் நான் அதிகம் கவலைப்படும் தவறு. கிரீஸில் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் மெயில்களைத் திருடியதோடு நிற்காமல், இனி வருபவை தாக்குபவரின் முகவரிக்குத் தானாகப் போகும்படி ஃபார்வர்டிங் விதியும் வைத்தது. பாகிஸ்தானில் திருடியது லாகின் டோக்கனை, அதாவது ஒருவர் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளத்தை. பேட்ச் ஓட்டையை அடைக்கும். ஏற்கெனவே வைத்துவிட்டுப் போன விதியை அது தொடாது. எல்லாக் கணக்குகளிலும் ஃபார்வர்டிங் முகவரிகளையும் ஃபில்டர்களையும் பாருங்கள், திறந்திருக்கும் செஷன்களை முடித்துவிடுங்கள், சந்தேகமான கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதற்கும் முன்னால், சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவான அக்சஸ் லாக்குகளைப் பத்திரமாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் யூஆர்எல்லிலேயே வருவதால், 'எஸ்டி'க்குப் பக்கத்தில் மேற்கோள் குறியோ யூஆர்எல்லில் அதற்கான குறியீடான '%22'ஓ இருக்கும் கோரிக்கை, யாருடைய கணக்கு எப்போது தாக்கப்பட்டது என்று காட்டிக்கொடுக்கும். பழைய லாக்குகள் தானாக நீக்கப்படும் சுழற்சியில் அழிந்துபோனால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.