புது மெமரி கார்டில் உண்மையிலேயே எத்தனை ஜிபி இருக்கிறது? வாங்கிய அன்றே சோதிக்கும் முறை

கார்டின் மேல் 512 என்று அச்சடித்திருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகினால் 476 ஜிபி என்று காட்டுகிறது, அப்படியானால் சரக்கு அசல்தானே என்று மொரீஷியஸில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. போலிக் கார்டும் அதே 476-ஐத்தான் காட்டும்.

ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம், இது புரிந்தால்தான் கீழே சொல்லும் வேலைக்குப் பொறுமை வரும். கார்டுக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. "உன்னிடம் எவ்வளவு இடம்?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது அதுதான், கம்ப்யூட்டர் உள்ளே போய் எண்ணிப் பார்ப்பதில்லை. போலி செய்கிறவன் 16 ஜிபியோ 32 ஜிபியோ உள்ள மட்டமான சரக்கை எடுத்து, அந்தச் சில்லின் நிரலை மாற்றி 512 என்று பொய் சொல்ல வைத்து, பளபளப்பான அட்டையில் அடைத்து விற்றுவிடுகிறான். உள்ளே உண்மையில் இருக்கும் இடம் நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதைத் தாண்டினால் சில கார்டுகள் வருவதையெல்லாம் வாங்கிக் கொட்டிவிடும், வேறு சில திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்துப் பழைய படங்களின் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் ஆரம்பப் பகுதியில் இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது, அதனால் பார்க்கிறவருக்கு எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தோன்றும்.

காத்ர் போர்னில் இருக்கும் என் அத்தைக்கு நடந்தது இதுதான். தைப்பூசத்தன்று கோர் தெ கார்து மலைக்கோயிலுக்குக் காவடிகள் ஏறுவதை முழுக்கப் படம் பிடித்து வைத்திருந்தார். "பேரெல்லாம் வரிசையா இருக்குடா, தொட்டா ஒண்ணும் ஓடமாட்டேங்குது" என்று போனை நீட்டினார். காலையில் எடுத்தவை ஓடின. மத்தியானத்துக்குப் பிறகு எடுத்தவற்றில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும்தான். எழுதப்படாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நம்ம மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறோமா, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, கார்டுக்கும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. கார்டு முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பி, பிறகு ஒரு பைட் விடாமல் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடுவது. போலி எத்தனை சாமர்த்தியமாக இருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும், இல்லாத இடத்தில் எதையும் வைத்திருக்க முடியாதே.

தொடங்கும் முன்

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று, கார்டு ரீடர் ஒன்று, அப்புறம் சில மணி நேரம். வீட்டில் போன் மட்டும்தான் என்றால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கார்டை எடுத்துப் போங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், சோதிக்கப் போகும் கார்டு காலியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே படங்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். சோதனை மென்பொருள் தானாக எதையும் அழிக்காது, ஆனால் கார்டு போலியாக இருந்தால் சோதனைக்காக எழுதுவதே பழைய படங்களின் மேல் போய் விழலாம்.

படி 1: சோதிக்காமலே தெரிகிற போலிகள்

சிலவற்றுக்குச் சோதனையே வேண்டாம். 16 டெராபைட் பென் டிரைவ், 30 டெராபைட் "போர்ட்டபிள் எஸ்எஸ்டி" என்று ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு ஆன்லைனில் விளம்பரம் வந்தால் அது ஏமாற்றுத்தான். மைக்ரோ எஸ்டி கார்டுகளில் நம்பகமான நிறுவனங்கள் 2 டெராபைட் வரைக்கும் வந்ததே சமீபத்தில்தான், அதுவும் நல்ல விலை. இப்படிப்பட்ட மலிவு எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது என்ன தெரியுமா? ஒரு சின்ன யுஎஸ்பி பலகை, அதில் பசை போட்டு ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, மிச்சமெல்லாம் வெற்றிடம்.

படி 2: செருகி அளவைப் பாருங்கள்

இங்கே பலர் வீணாகப் பயப்படுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்குப் போடுகிறது. அதனால் 32 ஜிபி கார்டு 29.8 என்றும், 64 ஜிபி 59.6 என்றும், 128 ஜிபி 119 என்றும், 1 டெராபைட் 931 ஜிபி என்றும் தெரியும். இது திருட்டு இல்லை. இதைவிட ஒன்றிரண்டு குறைந்தாலும் கவலைப்பட வேண்டாம், பாதியாகத் தெரிந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மைக்ரோ எஸ்டியைப் பெரிய அடாப்டரில் போட்டுச் செருகுகிறீர்கள் என்றால் பக்கத்தில் இருக்கும் சின்ன இழுவையைக் கவனியுங்கள். அது கீழே தள்ளப்பட்டிருந்தால் கார்டில் எழுத முடியாது, சோதனை தொடங்கவே மறுக்கும். உடனே "கார்டு டூப்ளிகேட்" என்று கடைக்கு ஓடாதீர்கள்.

படி 3: மென்பொருள்

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு பழைய, இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனியின் சி'டி கணினி இதழிலிருந்து வந்தது. அந்த இதழை வெளியிடும் ஹைஸெ நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்குங்கள், தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து வேண்டாம், அங்கே கூடவே வேறு சரக்கும் ஒட்டிக்கொண்டு வரும். ஜிப் கோப்பாக வரும், அதை விரித்து உள்ளே இருப்பதை இரண்டு முறை கிளிக் செய்தால் போதும், நிறுவ வேண்டிய வேலை இல்லை.

திறந்ததும் எல்லாம் ஜெர்மன் மொழியில் இருக்கும். மேலேயே இங்கிலிஷ் என்று ஒரு வட்டம் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பிரெஞ்சு இல்லை, உங்கள் விண்டோஸ் பிரெஞ்சில் இருந்தாலும் இங்கே ஆங்கிலத்தோடுதான் ஒப்பேற்ற வேண்டும்.

படி 4: ஓடவிடுதல்

"செலெக்ட் டார்கெட்" பொத்தானை அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கார்டுக்குக் கொடுத்திருக்கும் எழுத்து இ-யா எஃப்-ஆ என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள், தவறி ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதை நிரப்ப ஆரம்பித்துவிடும். அடுத்து "ஆல் அவைலபிள் ஸ்பேஸ்" என்பது தேர்வாகியிருக்கட்டும், நேரம் மிச்சம் பிடிக்கக் கொஞ்ச இடத்தை மட்டும் சோதிப்பதில் ஒரு பயனும் இல்லை, போலியின் முதல் பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு "ரைட் + வெரிஃபை" அழுத்துங்கள்.

இனி காத்திருக்க வேண்டியதுதான். 128 ஜிபி கார்டு விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால், எழுதி முடிக்கவே ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்பப் படிக்கும் நேரம் தனி. வேகம் 10 எம்பிதான் என்றால் எழுதுவதற்கு மட்டும் மூன்றரை மணி. கிளாஸ் 10 என்ற முத்திரை உறுதி சொல்வதே அந்த 10 எம்பியைத்தான், யு3 அல்லது வி30 என்றிருந்தால் 30. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு, தானாகத் தூங்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

கார்டில் 1, 2, 3 என்று எண் போட்டு எச்2டபிள்யூ என முடியும் கோப்புகள் ஒவ்வொரு ஜிபி அளவில் குவிவதைப் பார்க்கலாம். தொடாதீர்கள்.

படி 5: முடிவைப் படிப்பது

பிழையில்லாமல் சோதனை முடிந்தது என்ற பொருளில் "டெஸ்ட் ஃபினிஷ்ட் விதவுட் எரர்ஸ்" என்று வந்தால் கார்டு சொன்ன அளவு உண்மை. முடிவில் எழுதும் வேகமும் படிக்கும் வேகமும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள், 4கே வீடியோ எடுக்கிறவர்களுக்கு எழுதும் வேகம்தான் முக்கியம்.

"லைக்லி டு பி டிஃபெக்டிவ்" என்று ஆரம்பித்தால் கீழ்வரிகளைப் பாருங்கள். எத்தனை ஜிபி சரியாக இருந்தது, எத்தனை தொலைந்தது என்று தனித்தனியாக எழுதியிருக்கும். 512 ஜிபி கார்டில் 29 ஜிபி மட்டும் சரி, மீதி முழுக்கத் தொலைந்தது என்றால் சந்தேகமே வேண்டாம், அது 32 ஜிபி கார்டு. பெரும்பகுதி சரியாக இருந்து அங்கங்கே கொஞ்சம் மட்டும் பிழை என்றால் அது போலி என்பதைவிடப் பழுதான கார்டாகவோ மோசமான ரீடராகவோ இருக்கலாம், வேறு ரீடரில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். எப்படியும் அந்தக் கார்டை நம்பிக் கல்யாணப் படம் எடுக்காதீர்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

இதே வேலையைச் செய்ய எஃப்3 என்ற மென்பொருள் இருக்கிறது. எஃப்3ரைட் எழுதும், எஃப்3ரீட் சரிபார்க்கும், டெர்மினலில் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். விண்டோஸிலேயே அவசரமாகப் பார்க்க வேண்டும் என்றால் 2023-இல் கிப்சன் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட வேலிடிரைவ் என்ற மென்பொருள் நல்லது, டிரைவ் முழுக்கப் பரவலாக 576 இடங்களில் தொட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அது யுஎஸ்பி வழியாக இணைத்தவற்றுக்குத்தான், ஆகவே கார்டை யுஎஸ்பி ரீடரில் போடுங்கள். என் பழக்கம், முதலில் வேலிடிரைவ், அதில் தேறினால் இரவு முழுச் சோதனை.

போலி என்று தெரிந்துவிட்டால்

முடிவுத் திரையைப் படம் பிடித்து, பில்லோடும் அட்டையோடும் கடைக்குப் போங்கள். போர்ட் லூயிஸ் ஆனாலும் ரோஸ்ஹில் ஆனாலும் கவுண்டரில் இருப்பவர் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் செருகி "பாருங்க, 476 காட்டுதே" என்பார். 29 ஜிபி மட்டும் சரி என்று எழுதியிருக்கும் வரியைக் காட்டுங்கள். வாங்கி ஆறு மாதம் கழித்துப் போனால் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், அதனால்தான் வாங்கிய அன்றே என்று தலைப்பிலேயே போட்டேன். உள்ளே இருக்கும் உண்மையான 29 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், முடியும்தான், ஆனால் அதில் இருப்பது கழிவுச் சில்லாகக்கூட இருக்கலாம், நான் செய்யமாட்டேன்.

தேறிவிட்டால்

எச்2டபிள்யூ கோப்புகளை அழித்து, கார்டை முறையாக எஜெக்ட் செய்து போனில் போடுங்கள். ஃபார்மேட்டை அந்தப் போனிலோ கேமராவிலோ செய்வதுதான் நல்லது. சில ஆண்ட்ராய்டு போன்கள் அப்போது, கார்டைப் போனின் சொந்த நினைவகத்தோடு சேர்க்கவா, தனியாக வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். தனியாக, அதாவது போர்ட்டபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் போன் கார்டைப் பூட்டிக்கொள்ளும், போன் கெட்டுப்போன அன்றைக்கு அந்தப் படங்களை வேறு எதிலும் போட்டுப் படிக்க முடியாது.