ஆஸ்பத்திரில ஆன்டிபயாட்டிக் விஷயத்துல அடிக்கடி நடக்குற தப்புகள்

"உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு, அதான் கேக்க மாட்டேங்குது"ன்னு சொல்லாதவங்களே கிடையாது. பழகுறது உடம்பு இல்லங்க, கிருமி. வாழ்க்கைல ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கூட தொடாத ஒருத்தர் ஆபரேஷனுக்குன்னு அட்மிட் ஆனா கூட, பக்கத்து பெட்ல இருக்குற மருந்துக்கு அடங்காத பாக்டீரியா யாரோ ஒருத்தரோட கை வழியா இவருகிட்ட வந்து ஒட்டிக்கலாம். அதுவும் போதாதுன்னு ஒரு பாக்டீரியா மருந்துக்கு அடங்காம இருக்க வைக்கிற ஜீனை, பிளாஸ்மிட்ங்கிற குட்டி டி.என்.ஏ வளையம் மூலமா வேற ஜாதி பாக்டீரியாவுக்கும் தூக்கிக் குடுத்துடும். 2019ல மட்டும் இந்த மாதிரி கிருமிகளால நேரடியா செத்தவங்க உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர்னு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த கணக்கு சொல்லுது.

என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் ஆரம்பம், கல்ச்சருக்கு (கிருமியை வளத்து எதுன்னு பாக்குற டெஸ்ட்) சாம்பிள் எடுக்காமலே மருந்தை ஏத்துறதுதான். செப்டிக் ஷாக்ல, அதாவது தொற்று முத்தி ரத்த அழுத்தம் அபாயமா இறங்கிப் போன நிலைல இருக்குறவங்களுக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, ஒரு மணி நேரத்துக்குள்ள மருந்து உள்ள போயாகணும், அது சரி. ஆனா முதல்ல ரத்தத்தை பாட்டில்ல எடுத்துட்டு அப்புறம் ஏத்தலாமே, அதுக்கு சில நிமிஷம்தான் ஆகும். மருந்து போனதுக்கு அப்புறம் எடுத்தா கிருமி இருந்தும் பாட்டில்ல வளராம போகலாம், நெகட்டிவ்னு வரும், பிறகு எந்தக் கிருமின்னே தெரியாம இருட்டுல கல்லு விடுற கதைதான்.

அதை விட மோசம், கல்ச்சர் எடுத்து, ரெண்டு மூணு நாள்ல ரிப்போர்ட்டும் வந்து, சாதாரண மருந்துக்கே அடங்கும்னு அதுல எழுதியும் இருக்கும், ஆனா நிறைய வகைக் கிருமியை அடிக்கிற பெரிய மருந்தான மெரோபெனத்தை "இதுல ஜுரம் இறங்கிடுச்சு, இப்ப எதுக்கு மாத்தணும்"னு அப்படியே ஓட விடுறது. உலக சுகாதார நிறுவனம் 2017லயே ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மூணு கூட்டமா பிரிச்சு வச்சிருக்கு, மெரோபெனம் கண்காணிச்சுக் குடுக்க வேண்டிய கூட்டத்துல இருக்கு, கோலிஸ்டின்ங்கிற மருந்து கடைசி ஆயுதம். கடைசி ஆயுதத்தை முதல் நாளே எடுத்துட்டா அப்புறம் கையில என்ன இருக்கும்? 48 மணி நேரம் ஆனதும் "இது இன்னும் வேணுமா, சாதாரண மருந்தா மாத்தலாமா"ன்னு ரவுண்ட்ஸ்ல யாராவது ஒருத்தர் கேட்டாலே பாதிப் பிரச்சனை தீந்துடும்.

யூரின் ரிப்போர்ட்ல பாக்டீரியான்னு பாத்ததும் மருந்து எழுதுறதும் இப்படித்தான். யூரின் டியூப் போட்டு நாளாயிட்டா அதுல கிருமி படலமா ஒட்டிக்கிட்டு வளரும், ரிப்போர்ட்ல வரத்தான் செய்யும். ஜுரம், வலி எதுவும் இல்லாதப்ப, கர்ப்பிணி மாதிரி சில பேரைத் தவிர, பொதுவா மருந்து தேவையில்ல. தேவையில்லாத டியூபைக் கழட்டுறதுதான் வைத்தியம்.

கிளவுஸ் போட்டிருக்கோமேன்ற தைரியம் இருக்கே, அது தனி ரகம். அதே கிளவுஸோட ஒரு பெட்ல இருந்து அடுத்த பெட், கீபோர்டு, மானிட்டர், செல்போன்னு தொட்டுக்கிட்டே போறாங்க. கிளவுஸ் காப்பாத்துறது போட்டவங்களைத்தான், அடுத்த பேஷண்டை இல்ல. ஒவ்வொரு பேஷண்டுக்கும் மாத்தணும், கழட்டுனதும் கையையும் சுத்தம் பண்ணணும். ஆல்கஹால் ரப் 20-30 செகண்ட் தேய்ச்சா நிறைய கிருமி போயிடும், ஆனா சி டிஃபிசில்னு வயித்துப்போக்கு வர வைக்கிற ஒண்ணு இருக்கு, அதோட ஸ்போர், அதாவது கெட்டி ஓடு போட்டுத் தூங்குற வடிவம், ஆல்கஹாலுக்கு அசையாது, அங்க சோப்பு தண்ணிதான். அப்புறம் மிச்சமான டிரிப்ஸை கை கழுவுற சிங்க்ல ஊத்தாதீங்க, அந்தக் குழாய்க்குள்ள இருக்குற கிருமிக்கு நாமளே விருந்து வைக்கிற மாதிரி.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் ஊசி போடுறது நல்லது, தையல் போட்டு முடிச்ச பிறகும் "சேஃப்டிக்கு" அஞ்சு நாள் இழுக்குறதுல பெரும்பாலும் ஒரு லாபமும் இல்ல.

பேஷண்ட் பக்கம் ஒண்ணு. சின்ன வயசுல எப்பவோ தடிப்பு வந்துச்சுன்னு "பெனிசிலின் அலர்ஜி"ன்னு சொல்லிடுறோம், ஃபைல்ல ஏறிடுது, அதுக்கப்புறம் காலம் முழுக்க பெரிய மருந்துதான். அப்படிச் சொல்றவங்களை டெஸ்ட் பண்ணிப் பாத்தா பத்துல ஒம்பது பேருக்கு நிஜ அலர்ஜி இருக்குறதில்ல. அதுக்காக வீட்லயே சாப்பிட்டுப் பாத்துடாதீங்க. என்ன மாத்திரை, எத்தனை வயசுல, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல, தடிப்பு மட்டுமா மூச்சும் திணறுச்சான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, டெஸ்ட் தேவையான்னு அவர் பாத்துப்பாரு.