ரீஃப் டேங்க்குக்கு எந்த அளவு பைப்? டிரெயினில் தொடங்கி ரிட்டர்ன் வரை

புதிதாக ரீஃப் டேங்க் (பவளங்கள் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) அமைக்கிறவர்கள் பலரும் முதலில் பம்பை வாங்கிவிடுகிறார்கள். பிறகு பம்பின் வாய் எந்த அளவோ அதே அளவில் பைப்பும் வாங்கி மாட்டுகிறார்கள். தண்ணீர் மேலே ஏறுகிறது, தொட்டி நிரம்புகிறது, வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. கொடகொட என்று சத்தம் வரும்போதும், கரண்ட் போய், கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டி வழியும்போதும்தான் வரிசை தப்பிவிட்டது தெரியும்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கீழே இறங்கும் தண்ணீருக்கு வழி (டிரெயின்), அடுத்து மேலே ஏறும் பைப் (ரிட்டர்ன்), கடைசியில்தான் பம்ப். பம்ப் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளும். டிரெயினைத் தள்ள ஆள் கிடையாது. தண்ணீர் தன் எடையில் தானே இறங்கவேண்டும். அதனால் டிரெயின் தாங்கும் அளவுக்குள்தான் மற்றதெல்லாம் நிற்கவேண்டும்.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 50, உயரம் 50. சுமார் 300 லிட்டர். கீழே அலமாரிக்குள் சம்ப்.

1. மணிக்கு எவ்வளவு தண்ணீர் சுற்றவேண்டும்?

சம்ப் வழியாகத் தொட்டித் தண்ணீர் மணிக்கு 5 முதல் 7 முறை சுற்றினால் போதும். நம் தொட்டிக்கு 1,500 முதல் 2,100 லிட்டர் வருகிறது. 2,000 என்று வைத்துக்கொள்வோம்.

பவளங்களுக்கு இதைவிடப் பல மடங்கு ஓட்டம் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அது தொட்டிக்குள்ளேயே வைக்கும் சிறு பம்பான வேவ்மேக்கரின் வேலை. ரிட்டர்ன் பம்பை வைத்து அந்த ஓட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தால் பைப் பெருக்கும், சத்தம் பெருக்கும், சம்பில் நுண்குமிழிகள் அடங்க நேரமிருக்காது.

2. டிரெயின்

பழக்கத்தில் மூன்று அமைப்புகள் உண்டு. டர்சோ என்பது ஒற்றைப் பைப்; தண்ணீரும் காற்றும் கலந்தே இறங்கும். ஹெர்பியில் இரண்டு பைப்: ஒன்று காற்றே இல்லாமல் முழுதும் நிறைந்து ஓடும் சைஃபன், மற்றது அவசரத்துக்காகக் காலியாக இருப்பது. பீன்அனிமல் அமைப்பில் இவற்றோடு, மெல்லிய ஓட்டம் மட்டும் இறங்கும் மூன்றாவது பைப் ஒன்றும் சேரும்.

1 இன்ச் டர்சோ பைப்பில் மணிக்கு சுமார் 2,200 லிட்டர் இறங்கும் என்பார்கள். இறங்கும்தான், ஆனால் அந்த அளவில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இறங்கும். பக்கத்து அறையில் படுத்தாலும் கேட்கும். நம் 2,000 லிட்டருக்கு டர்சோதான் என்றால் ஒன்றரை இன்ச் போடுங்கள். சைஃபன் அப்படியில்லை. அதே 1 இன்ச் பைப், 70 செ.மீ. இறக்கம் இருந்தால் 3,000 லிட்டருக்கு மேல் கொண்டுபோகும், சத்தமும் இருக்காது. கூடுதலாக உள்ள திறனை வால்வால் குறைத்துத்தான் ஓடவிடுவோம்.

துளை போட இடமிருந்தால் யோசிக்காமல் மூன்று பைப் போடுங்கள். மூன்றும் 1 இன்ச். இரண்டுக்குத்தான் இடம் என்றால் ஹெர்பி. அவசரப் பைப் ஒருபோதும் சைஃபனைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. அதில் வால்வும் கூடாது. சைஃபன் முழுதும் அடைத்துக்கொண்டாலும் 2,000 லிட்டரையும் அது ஒன்றே இறக்கவேண்டும். அதன் கீழ்முனை சம்ப் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எங்கோ அடைப்பு என்று உடனே தெரியும்.

சைஃபன் பைப்பில் பால் வால்வு வேண்டாம், கேட் வால்வு போடுங்கள். பால் வால்வு கால் சுற்றிலேயே முழுதும் மூடிவிடும், நுணுக்கமாகத் திருப்ப முடியாது. கேட் வால்வைப் பல சுற்று திருப்பலாம். முதலில் முழுதும் திறந்துவைத்துப் பம்பை ஓடவிடுங்கள். பைப் காற்றை இழுத்து உறுமும். வால்வைக் கால் சுற்று மூடி இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். டிரெயின் பைப்கள் நிற்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியில் தண்ணீர் மெல்ல ஏறும். இன்னும் கொஞ்சம் மூடுங்கள், மறுபடி காத்திருங்கள். இரண்டாவது பைப்பின் (பீன்அனிமலில் மெல்லிய ஓட்டப் பைப்பின்) வாயில் ஒரு நூல் அளவு தண்ணீர் வழியத் தொடங்கும் இடத்தில் உறுமல் சட்டென்று நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள்.

சைஃபனின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மூழ்கினால் போதும். அதற்கு மேல் ஆழமாக இறக்கினால், கரண்ட் வந்து பம்ப் மறுபடி ஓடும்போது உள்ளே நிற்கும் காற்று வெளியேறத் திணறும். டிரெயின் பைப் எங்கேயும் படுத்து ஓடக்கூடாது. பக்கவாட்டில் நகர்த்தவேண்டியிருந்தால் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ போட்டுச் சரிவாக இறக்குங்கள்.

3. ரிட்டர்ன் பைப்: இங்கேதான் அளவு பேசும்

பம்ப் இரண்டு எதிர்ப்புகளைத் தாண்டவேண்டும். ஒன்று உயரம். சம்பில் பம்ப் இருக்கும் அறையின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை அளந்தால் போதும். பைப் விளிம்பைத் தாண்ட எழும்பி வளைவதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். நம் தொட்டிக்கு 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று உராய்வு. பைப்பின் சுவரும் ஒவ்வொரு எல்போவும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். 1 இன்ச் பைப்பில் ஒரு 90 டிகிரி எல்போ போட்டால் இன்னொரு 80 செ.மீ. பைப் சேர்த்ததற்குச் சமம்.

2 மீட்டர் பைப், நான்கு எல்போ, மணிக்கு 2,000 லிட்டர். ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தரம்) பிவிசி பைப்பில் மூன்று அளவுகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அரை இன்ச்: உள்விட்டம் 15.8 மி.மீ. உராய்வு மட்டும் 2 மீட்டர் உயரத்துக்கும் மேல். தொட்டியின் உண்மையான உயரத்தைவிட அதிகம்!

முக்கால் இன்ச்: உள்விட்டம் 20.9 மி.மீ. உராய்வு சுமார் 60 செ.மீ.

1 இன்ச்: உள்விட்டம் 26.6 மி.மீ. உராய்வு 25 செ.மீ.க்கும் குறைவு.

அதே தண்ணீர், அதே தூரம். உள்விட்டம் 11 மி.மீ. கூடியதும் 2 மீட்டர் சுமை கால் மீட்டராகிவிட்டது. உராய்வு விட்டத்தோடு நேராகக் குறைவதில்லை. விட்டத்தின் கிட்டத்தட்ட ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. பம்பின் வாய் முக்கால் இன்ச்சாக இருந்தாலும் பைப் 1 இன்ச் போடலாம், போடவும் வேண்டும். பம்பின் வாயிலேயே ஒரு ரெடியூசர் வைத்துப் பெரிதாக்கிவிடுங்கள். சிறிய வாயைத் தண்ணீர் ஒரு விரல் நீளத்தில் கடந்துவிடும். சிறிய பைப் என்றால் வழி முழுக்க மல்லுக்கட்டவேண்டும்.

இப்போது பம்ப். 1.3 மீட்டர் உயரம், 25 செ.மீ. உராய்வு, வால்வுக்கும் நுனி நாசிலுக்கும் கொஞ்சம் சேர்த்து 1.7 மீட்டர். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் லிட்டர், உயரமே இல்லாதபோது தரும் அளவு, அதைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வரைபடத்தில் 1.7 மீட்டருக்கு நேரே 2,000 லிட்டரோ சற்று கூடுதலோ தரும் பம்ப்தான் உங்களுடையது. டிசி பம்ப் என்றால் ஓட்டத்தை வேகத்தில் குறையுங்கள். ஏசி பம்ப் என்றால் வெளியேறும் பக்கத்து வால்வில் குறைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் நெரிக்காதீர்கள்.

இரண்டு ரிட்டர்ன் வாய் வேண்டுமா? 1 இன்ச்சில் ஏற்றி, மேலே டீ போட்டு இரண்டு முக்கால் இன்ச்சாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர்தான் என்பதால் நெருக்கடி இருக்காது.

4. கரண்ட் போனால் என்ன ஆகும்?

பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப்பே சைஃபனாக மாறித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். அதன் வாய் காற்றைத் தொடும் வரை நிற்காது. வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் சம்புக்கு வரும்.

என் முதல் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம். ரிட்டர்ன் வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்து, சைஃபனை உடைக்கத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டிருந்தேன். ஏழு மாதம் ஒழுங்காக இருந்தது. ஒரு விடியற்காலையில் கரண்ட் போனபோது அந்தத் துளையில் ஒரு குட்டி நத்தை உட்கார்ந்திருந்தது. 60 லிட்டர் கீழே வந்தது. சம்பில் இருந்த இடம் 20 லிட்டருக்குத்தான். தரையில் 40 லிட்டர் உப்புத் தண்ணீர். மேலே, காற்றில் நின்ற பவளங்கள். அன்றிலிருந்து துளையை நம்புவதில்லை.

தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வையும் நம்பாதீர்கள். ரீஃப் தண்ணீரில் சுண்ணாம்புப் படிவமும் குழாய்ப் புழுக்களும் அதன் மூடியில் ஒட்டும். ஒரு மணல் துகள் சிக்கினால்கூட மூடாது. போட்டே ஆகவேண்டுமென்றால், அது வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டே சம்பில் இடம் விடுங்கள்.

ரிட்டர்ன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 2 செ.மீ.க்குள் வையுங்கள், நம்பகமான வழி அதுதான். நம் தொட்டியில் வாய் காற்றைத் தொடுவதற்குள் மட்டம் மொத்தம் 3 செ.மீ. இறங்குவதாகக் கொள்வோம். 120 × 50 × 3 என்றால் 18,000 கன செ.மீ., அதாவது 18 லிட்டர். பைப்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்கும் தண்ணீர் தனி. சம்பில் 30 லிட்டராவது காலியாக இருக்கவேண்டும்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரெயின்கள் எல்லாம் அடைத்துக்கொண்டால், பம்ப் அறை வற்றும் வரை பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும். தொட்டியின் விளிம்பில் 3 செ.மீ. இடைவெளி இருந்தால் 18 லிட்டர் தாங்கும். பம்ப் அறையில் 25 லிட்டர் இருந்தால் மீதி 7 லிட்டர் தரையில்தான். அதனால் பம்ப் அறையைச் சிறியதாக அமைப்பதே பாதுகாப்பு.

5. மாட்டும்போது

இன்ச் பைப்பையும் மில்லிமீட்டர் பைப்பையும் கலக்காதீர்கள். 1 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.4 மி.மீ.; 32 மி.மீ. ஃபிட்டிங் அதில் ஏறாது.

பல்க்ஹெட்டை (கண்ணாடித் துளையில் பைப்பை மாட்டும் இணைப்பு) கையில் வைத்து அளந்த பிறகே துளை போடுங்கள். டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் துளையே போடக்கூடாது, முழுதும் நொறுங்கிவிடும். ரப்பர் வாஷர் நட்டுப் பக்கம் அல்ல, பல்க்ஹெட்டின் தலைப் பக்கம். கையால் இறுக்கி, மேலே கால் சுற்று போதும்.

பித்தளை வால்வு, செம்பு இணைப்பு எதுவும் வேண்டாம். செம்பு பவளங்களுக்கும் இறால்களுக்கும் நஞ்சு.

முதலில் பசையில்லாமல் முழுதும் பொருத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் பிசிறு நீக்கி, பசை தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி 30 விநாடி பிடித்திருங்கள். பம்புக்கு மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) கட்டாயம். பம்பைக் கழற்றிக் கழுவ அது இல்லாவிட்டால் பைப்பை அறுக்கவேண்டியிருக்கும். பம்புக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு சாண் சிலிக்கான் டியூப் வைத்தால் அதிர்வு அலமாரிக்கு ஏறாது.

6. நன்னீரில் சோதனை

பசை ஒரு நாள் காயட்டும். நன்னீர் நிரப்பிப் பம்பை ஓடவிடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சம்பில் தண்ணீர் ஏறி நின்றதும் விளிம்புக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மறுபடி ஓடவிட்டு மட்டம் நிலைத்ததும், பம்ப் அறைக் கண்ணாடியில் அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். ஓடும்போது அந்தக் கோட்டைத் தாண்டி எப்போதும் நிரப்பக்கூடாது. ஐந்து முறையாவது பிடுங்கி மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சைஃபன் தானே பிடித்து அமைதியாகவேண்டும்.

பிறகு சைஃபனின் கேட் வால்வை முழுதும் மூடிவிட்டு நில்லுங்கள். மற்ற பைப்கள் தாங்குகின்றனவா, தொட்டி விளிம்பு தப்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். வால்வைத் திறந்து பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி டிஷ்யூ தாள் கட்டி ஒரு இரவு ஓடவிடுங்கள். காலையில் எல்லாத் தாளும் காய்ந்திருந்தால் உப்பைக் கரைக்கத் தொடங்கலாம்.