கையால் தோல் பர்ஸ் தைக்கத் தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் குத்திய ஓட்டை குத்தியதுதான், மூடாது. பர்ஸ், கார்டு ஹோல்டர் மாதிரி சின்னப் பொருள்களில் கடைசியில் கண்ணை உறுத்துகிற கோளாறு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே, ஊசியைத் தொடுவதற்கு வெகு முன்பே விழுந்துவிடுகிறது.

முதலில் தோல். பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு தோலை வாங்கிவிட்டு, விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் மெருகு வரவில்லையே என்று நொந்துபோகிறவர்கள் நிறையப் பேர். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் அப்படியெல்லாம் இறுகாது, அதற்கு விளிம்புப் பெயின்ட் பூசுவதுதான் வழி. மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான் தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும், சாயத்தையும் நன்றாகக் குடிக்கும். ஆனால் நகக்கீறலும் தண்ணீர்த் துளியும் அதில் சட்டென்று தடம் பதித்துவிடும், அதனால் ஈரக்கையோடு தொடாதீர்கள்.

தடிமனையும் கேட்டு வாங்குங்கள். மடிக்கிற பர்ஸுக்கு வெளித்தோல் 1.2 முதல் 1.5 மி.மீ., உள் அறைகளுக்கு 0.8 முதல் 1 மி.மீ. இருந்தால் போதும். உறுதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 2 மி.மீ. எடுத்தால் மூன்று அடுக்கிலேயே 6 மி.மீ. ஆகி, பர்ஸ் மடிய மறுக்கும்.

அளவு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வங்கி கார்டின் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. கார்டு படுக்கைவாக்கில் நுழைகிற மாதிரி என் முதல் ஹோல்டரை 90 மி.மீ. அகலத்துக்கு வெட்டினேன், தாராளமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தையல் ஓடியதும் நடுவில் மிஞ்சியது 84. இரண்டு நாள் உட்கார்ந்து தைத்ததில் கார்டு நுழையவே இல்லை. இப்போது 100 மி.மீ. வைக்கிறேன், அதுவும் முதலில் கெட்டி அட்டையில் வெட்டி, ஒட்டி, கார்டைப் போட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் தோலைத் தொடுவது. மடிக்கிற பர்ஸ் என்றால் உள்பக்கத் தோல் வெளித்தோலைவிடச் சில மி.மீ. குறைவாக இருக்க வேண்டும், இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் மடிக்கும்போது உள்ளே சுருங்கிப் புடைத்துக்கொள்ளும்.

பால்பாயின்ட் பேனாவால் கோடு போடாதீர்கள், அது போகாது. குத்தூசி முனையால் லேசாகக் கீறிக்கொண்டால் போதும். கத்தி மழுங்கியிருந்தால் தோல் இழுபட்டுக் கோணும், ஒரே அழுத்தில் வெட்டப் பார்ப்பதும் அதே கதைதான். இரும்பு ஸ்கேல் வைத்து, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு மூன்று முறை மெதுவாக ஓட்டுங்கள்.

வேலையின் வரிசை மாறிப்போவதுதான் பலருக்கும் பிடிபடாத தவறு. கார்டு அறையின் மேல் விளிம்பைத் தைப்பதற்கு முன்பே தேய்த்து முடித்துவிட வேண்டும், தைத்த பிறகு அங்கே கை போகாது. சாயமும் அப்படித்தான், பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெளிறித் திட்டாக நிற்கும். ஒட்டும்போது வழவழப்பான மேல்புறத்தில் அப்படியே பசை தடவினால் பிடிப்பு இருக்காது, ஒட்டப்போகிற ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கான்டாக்ட் பசை என்றால் இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து அழுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

இனி தையல். துளையிடும் உளியை, அதாவது வரிசையாகப் பல பற்கள் உள்ள உளியை, இரும்புச் சுத்தியலால் அடித்தால் அதன் தலை நசுங்கும், நைலான் அல்லது மரச் சுத்தி வேண்டும். ஒவ்வொரு முறையும் உளியின் முதல் பல்லை முந்தைய கடைசித் துளையிலேயே வைத்தால் இடைவெளி மாறாது. நூலைத் தைக்கிற நீளத்தைப்போல் நான்கு மடங்கு, அதற்குமேல் ஊசி கோக்கவும் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள், பாதியில் தீர்ந்துபோனால் ஒட்டுத் தெரியும். நூலின் இரு முனையிலும் ஊசி, இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே துளை வழியாகப் போக வேண்டும். எந்த ஊசி முதலில் போகிறதோ அதுவே கடைசித் துளைவரை முதலில் போகட்டும், ஏனென்றால் இடையில் ஒரு துளையில் மாற்றிவிட்டால் சாய்வாக அழகாக வந்த வரிசையில் அந்த ஒரு தையல் மட்டும் படுத்துக்கொள்ளும். இரண்டாவது ஊசியை நுழைக்கும்போது முதல் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். நூலை ஊசி குத்திக்கொண்டு போய்விட்டால் பிறகு இறுக்கவே முடியாது. இழுக்கிற வேகத்தில் தோல் சுருங்கும்படி இறுக்குவதும் வேண்டாம்.

முடிவில் இரண்டு மூன்று தையல் பின்னோக்கி வந்து, பாலியஸ்டர் நூல் என்றால் 1 மி.மீ. விட்டு வெட்டி லைட்டரை அருகில் காட்டினால் முனை உருகி அடைத்துக்கொள்ளும். லினன் நூலுக்கு நெருப்பு காட்டாதீர்கள், அது உருகாது, கருகும். அதன் முனையில் ஒரு சொட்டு பசை வைத்து அழுத்தினால் போதும்.