பெரியவர் சாப்பிட மறுத்தால் கீழ்ப்படியிலிருந்து பாருங்கள்
கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய தேவைகளின் படிநிலையைத்தான் முதலில் சொல்லித் தருவேன். உடல், பாதுகாப்பு, அன்பு, மரியாதை, தன் திறமை நிறைவது என்று கீழிருந்து மேலே ஐந்து படி.

பெரியவர் ஒருவர் திடீரென்று எரிந்து விழுந்தாலோ குழம்பிப் பேசினாலோ, வயசான பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடித்தாரா? சிறுநீர், மலம் சரியாகப் போகிறதா? எங்காவது வலியா? வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. நீர்ச்சத்துக் குறைவும் சிறுநீர்த் தொற்றும் ஆளையே குழப்பிவிடும். திடீர்க் குழப்பம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு, ஈரமில்லாத தரை.

ஆனால் தேவைகள் எப்போதும் வரிசையாக வருவதில்லை. எங்கள் இல்லத்து அம்மிச்சி (பாட்டி) ஒருவர் தட்டையே தொடமாட்டார். பல், வயிறு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழியும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "பதமா வெந்திருச்சுங்களா அம்மிச்சி?" என்று கேட்டேன். ஒரு துணுக்கை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் வேகோணும் கண்ணு." அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது மரியாதை. உடை மாற்றும்போதும் அப்படித்தான். திரையை இழுத்துவிட்டு, "மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்ட பிறகு தொடுங்கள்.