ஆதிரை என்று பெயர் வைக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெண் குழந்தைக்குத் தமிழ்ப் பெயராகவும் இருக்க வேண்டும், எல்லோரும் வைக்கிற பெயராகவும் இருக்கக் கூடாது என்று தேடுகிறவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் ஆதிரையிடம் வந்து நிற்கிறார்கள். மூன்றே எழுத்து. கூப்பிட எளிது. காப்பியத்திலும் இருக்கிறது, வானத்திலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பெயர்களில் ஒன்று என்பதால், இதைப் பற்றி உலவும் தப்பும் தவறுமான விளக்கங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் எரிச்சலும் வரும். பெயர் வைக்கும் முன் யோசிக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெயர்ப் பட்டியலில் உள்ள பொருளை அப்படியே நம்புவது

முதல் தவறு இதுதான், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன. ஆதிரை, ஆதிரா என்ற பெயர்களுக்கு 'வலிமையானவள்', 'பிரார்த்தனை', 'மின்னல்' என்றெல்லாம் பட்டியல்கள் பொருள் சொல்லும். ஒரு பட்டியலில் இருப்பதை அடுத்தது எடுத்துப் போடும். பத்து இடத்தில் பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். இதில் 'வலிமையானவள்' எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எபிரேய மொழியில் 'அதீர்' என்றால் வலிமை மிக்க என்று பொருள். அதன் பெண்பால் வடிவம் யூதர்களிடையே பெண் பெயராக வழங்குகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதுவும் நம் ஆதிராவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பட்டியல் போட்டவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், அவ்வளவுதான்.

ஆதிரை என்பது நட்சத்திரத்தின் பெயர். 27 நட்சத்திரங்களில் ஆறாவது, மிருகசீரிடத்துக்கு அடுத்தது. 'திரு' என்ற அடைமொழி சேர்ந்து திருவாதிரை ஆகிறது. இன்றைய வானியலில் பீட்டல்ஜூஸ் என்று சொல்கிறார்களே, ஓரியன் கூட்டத்தின் தோள் பகுதியில் இருக்கும் சிவப்பு விண்மீன், அதுதான் இது. மார்கழி மாதத்தில் இருட்டிய பிறகு கிழக்கே பார்த்தால் வெறுங்கண்ணாலேயே அந்தச் சிவப்பு தெரியும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் இது திடீரென மங்கிப்போய், வெடிக்கப் போகிறதோ என்று உலகமே பேசியது. கடைசியில் அது வெளியேற்றிய தூசிதான் ஒளியை மறைத்தது என்றார்கள். பழையபடி பிரகாசமும் திரும்பியது. குழந்தை வளர்ந்து 'என் பெயருக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால், மாடிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டலாம். இந்த வசதி எத்தனை பெயருக்கு இருக்கிறது?

சிவனுக்கு உரிய நட்சத்திரமும் இதுவே. கலித்தொகையில் சிவன் 'ஆதிரையான்'. பரிபாடலில் 'ஆதிரை முதல்வன்'. திருவாரூரில் ஆதிரைத் திருநாள் நடந்த விதத்தை அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடியிருக்கிறார். மார்கழித் திருவாதிரைதான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். வீட்டில் களி கிண்டுகிற நாள். ஆக, சைவக் குடும்பத்துப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் மறுப்பு வராது. வைணவர்களும் யோசிக்க வேண்டியதில்லை. ராமானுஜர் பிறந்தது சித்திரைத் திருவாதிரையில். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரையை விழாவாகக் கொண்டாடுவது முதலாம் ராஜேந்திரன் பிறந்த நாள் என்பதற்காக.

தனித்தமிழ்ப் பெயர் என்று அடித்துச் சொல்வது

இங்கே சிலருக்கு மனம் சங்கடப்படலாம். 'ஆர்த்ரா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம்தான் ஆதிரை என்பது அகராதிகள் தரும் விளக்கம். ஆர்த்ரா என்றால் ஈரமானது, நனைந்தது. ஆருத்ரா என்பதும் இதே சொல்தான். மூத்தவளுக்கு ஆதிரை என்றும் இளையவளுக்கு ஆருத்ரா என்றும் வைத்தால் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தது போலத்தான்.

என்னைக் கேட்டால், பரிபாடல் காலத்திலேயே தமிழாகிவிட்ட சொல்லை இப்போது வெளியே நிறுத்துவதில் அர்த்தமில்லை. எழுத்தும் ஓசையும் முழுக்கத் தமிழாக இருக்கின்றன. ஆனால் வேர்ச்சொல்லும் தமிழாகவே இருக்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் பெயர் சூட்டு விழாவில், பந்தி நடுவில், புலவர் பெரியப்பா ஒருவர் இதை எடுத்துவைப்பார்.

ஆதிரையை அரசியாக்குவது

'ஆதிரை என்பது சங்க கால அரசியின் பெயர்' என்று ஒரு விளக்கம் உண்டு. சங்கப் பாடல்களில் வருவது நட்சத்திரம். ஆதிரை என்ற பெண் வருவது மணிமேகலைக் காப்பியத்தில். அங்கும் அவள் அரசி இல்லை, புகார் நகரில் வாழ்ந்த ஒரு குடும்பப் பெண். சாதுவன் என்ற வணிகனின் மனைவி.

அவள் கதையைத் தெரியாமல் அவள் பெயரை வைப்பது பெரிய இழப்பு என்பேன். சாதுவன் நல்ல கணவன் இல்லை. கணிகை ஒருத்தியிடம் போய், சூதாடி, இருந்ததை எல்லாம் தொலைத்துவிட்டுப் பொருள் தேடி வணிகர்களோடு கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைகிறது. உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர்கள், அவனும் செத்துவிட்டான் என்று ஆதிரையிடம் சொல்கிறார்கள். அவள் தீ மூட்டி இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கூந்தலில் வைத்த மாலைகூட வாடவில்லை. 'தீயும் கொல்லாத தீவினையாட்டியேன் நான் என்ன செய்வேன்' என்று அவள் புலம்பும்போது, கணவன் உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான் என்று அசரீரி சொல்கிறது. அந்தப் பக்கம் சாதுவன் நாகர் வாழும் மலையில் ஒதுங்கியிருக்கிறான். மனிதரைத் தின்னும் அவர்களிடம் சிக்கியவன், அவர்கள் பாஷை தெரிந்ததால் தப்பிக்கிறான். கொலையை விடச் சொல்லி அவர்கள் தலைவனுக்கே அறம் சொல்கிறான்.

இதெல்லாம் பின்கதை. ஆதிரைக்குக் காப்பியத்தில் இருக்கும் இடம் வேறு. காப்பியத் தலைவி மணிமேகலையின் கையில், அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் பாத்திரமான அமுதசுரபி இருக்கிறது. முதல் பிச்சையை ஒரு நல்ல பெண்ணிடம் வாங்க வேண்டும். யாரிடம் போவது? தீராப் பசியால் வாடும் காயசண்டிகை என்ற பெண் காட்டுவது ஆதிரையின் வீட்டை. உலகம் முழுவதும் பசிப்பிணி நீங்கட்டும் என்று சொல்லி ஆதிரை சோறு இடுகிறாள். 'பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென' என்பது காப்பியத்தை எழுதிய சாத்தனாரின் வரி. 16-ஆவது காதைக்குப் பெயரே 'ஆதிரை பிச்சையிட்ட காதை'.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கதை அவளைக் கொண்டாடுவது கற்புக்காக. தீயில் இறங்கியதை இன்றைய பெற்றோர் மகளிடம் பெருமையாகச் சொல்லத் தயங்கலாம். தயங்குவதும் நியாயம். நான் சொல்வதாக இருந்தால் சோற்றிலிருந்து தொடங்குவேன்.

யாருக்கும் இல்லாத பெயர் என்று நினைப்பது

கேரளத்தில் போய் 'ஆதிரா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே தனு மாதத் திருவாதிரை பெண்களின் பண்டிகை. நோன்பு, திருவாதிரைக்களி ஆட்டம் என்று அமர்க்களப்படும். அதனால் ஆதிரா அங்கே சாதாரணமாகக் காதில் விழும் பெயர். பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ வளரப்போகும் ஆதிரையை, பள்ளியில் பாதிப் பேர் ஆதிரா என்று மாற்றிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அரிய பெயர் என்பது காலத்தையும் பொறுத்தது. யாழினி ஒரு காலத்தில் புதுமையாகத்தான் இருந்தது. இன்று எந்த எல்.கே.ஜி. வகுப்பிலும் கேட்கலாம்.

'இந்த ஆண்டின் பிரபலமான பெயர்களில் 43-ஆவது இடம்' என்பது போன்ற தரவரிசைகளைப் பார்த்து மிரளவோ மகிழவோ வேண்டாம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணி வெளியிடுகிறது. குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் அதில் இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸிலும் அரசே வெளியிடுகிறது; அங்கே 3 போதும். இந்தியாவில் பிறப்புப் பதிவு அறிக்கைகள் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று சொல்லும், என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்லாது. ஆக, நம் ஊர்ப் பெயருக்கு யாராவது தரவரிசை எண் கொடுத்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதைவிட உங்கள் ஊர் அங்கன்வாடி ஆசிரியையிடமோ மழலையர் பள்ளி ஆசிரியையிடமோ கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

நட்சத்திரப் பெயர், நட்சத்திர எழுத்து

குழந்தை திருவாதிரையில் பிறந்திருக்கிறது, ஆதிரை என்று வைத்தால் ஜோதிடப்படியும் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். பஞ்சாங்கத்தில் திருவாதிரையின் நாலு பாதங்களுக்கும் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. 'ஆ' அதில் இல்லை. முதலெழுத்து பார்க்கிற குடும்பமாக இருந்தால் இதை முன்பே பேசிவிடுங்கள். பார்க்காத குடும்பம் என்றால் இந்தப் பத்தியை விட்டுத் தள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தைக் கடைசி நிமிடத்தில் முடிவு செய்வது

தமிழில் பிழைக்கு இடமில்லாத பெயர், ஆங்கிலத்துக்குப் போனதும் படாத பாடு படும். முதலில் ஒரு 'ஏ' மட்டும் போட்டால் 'அதிரை' ஆகிவிடும். அது அதிராம்பட்டினத்தின் செல்லப் பெயர்! தஞ்சைப் பக்கத்து உறவினர்கள் சும்மா விடமாட்டார்கள். 'த'வுக்கு, தங்கம் என்று எழுதும்போது போடுகிற எழுத்துகளைப் போட்டால், ஆத்திரம் வந்தது போல 'ஆத்திரை' என்று படிப்பவர்களும் உண்டு. தனலட்சுமிக்குப் போடுகிற எழுத்துகளைப் போட்டால் நாம் உச்சரிக்கும் ஓசைக்கு நெருங்கி வரும். கடைசி 'ரை'யை வடக்கே 'ராய்' என்று படித்து, ஆதி என்பது பெயர், ராய் என்பது குடும்பப் பெயர் என்று முடிவு செய்துவிடக்கூடும். அதைத் தடுக்க வழியில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் இரண்டு ஏ, நடுவில் தனலட்சுமியின் எழுத்துகள், இதுவே என் பரிந்துரை. எண் கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு எழுத்தைச் செருகுவதாக இருந்தால், பதிவுக்கு முன்பே அதையும் முடித்துவிடுங்கள்.

ஏனென்றால் இப்போது பிறப்புச் சான்றிதழின் கனம் கூடியிருக்கிறது. 2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எனப் பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று இந்தச் சான்றிதழ்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்றதும் பெயரையும் அதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். தேவையில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வயதுவரை சேர்க்க வழி உண்டு. ஆனால் சேர்த்த பெயரை மனம் மாறி மாற்ற நினைத்தால் அரசிதழ் வரை அலைய நேரிடும். அதனால் படிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். அச்சில் வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.