தீவுப் பறவைகளும் ‘மாற்றிக்கொண்டது’ என்ற வினைச்சொல்லும்

“தீவின் தேவைக்கேற்ப அந்தப் பறவை தன் அலகை மாற்றிக்கொண்டது.” பரிணாமம் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது எழுதிவிடும் வரி. நானும் எழுதியிருக்கிறேன். கோளாறு அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலின் காலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு. அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளை 1973 முதல் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து பறக்கவிட்டார்கள் பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன, மெல்லிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியதில் முக்கியமானது ஒரு வகை நெருஞ்சில் காய். நம்மூர் நெருஞ்சிமுள்ளை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு அதன் கெட்டி தெரியும். இது அதன் நெருங்கிய சொந்தம். அலகு பருத்த குருவி அந்தக் காயை நெரித்து உடைத்து விதையை எடுத்துவிடும். அலகு சிறுத்த குருவியால் அது முடியாது. அப்புறம் பட்டினிதான். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இந்த இனத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் செத்துப்போயின.

பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் பழைய சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். எந்தக் குருவிக்கும் அலகு புதிதாக வளரவில்லை. சின்ன அலகுகள் கணக்கிலிருந்து கழிந்துவிட்டன, அவ்வளவுதான். அலகின் அளவு பெற்றோர் வழி வருவது என்பதால் அடுத்து பிறந்த குஞ்சுகளும் பெரிய அலகோடு வளர்ந்தன.

சரி, வறட்சி வந்தால் அலகு பருக்கும் என்று சூத்திரம் எழுதிவிடலாமா? அதுதான் அடுத்த தவறு. 1982-83 பெருமழைக்குப் பிறகு சின்ன விதைகள் மண்டின. சின்ன அலகுக்காரர்கள் தழைத்தார்கள். 2004-ஐ ஒட்டி மறுபடி வறட்சி. இந்த முறை அலகு சிறுத்தது! இடையில் பெரிய தரை ஃபிஞ்ச் என்ற இன்னொரு இனம் தீவில் குடியேறியிருந்தது. நெருஞ்சிலை அது தின்று தீர்க்க, நடுத்தர இனத்தின் பெரிய அலகுக்காரர்கள்தான் பட்டினி கிடந்தார்கள். அதே தீவு, அதே வறட்சி, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் புதுசு.

டார்வின் 1835-இல் இந்தக் குருவிகளைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது என்பதும் கதைதான். எந்தக் குருவி எந்தத் தீவுடையது என்றுகூட அவர் ஒழுங்காகக் குறிக்கவில்லை. லண்டன் திரும்பிய பிறகு, 1837-இல், பறவையியலாளர் ஜான் கோல்டு சொல்லித்தான் அவை நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது.

பறக்காத பறவைகளைச் சோம்பேறி, முட்டாள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத தவறு. மொரீஷியஸில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத டோடோ ஒரு புறாதான். உயிரோடிருக்கும் நெருங்கிய உறவான நிக்கோபார் புறா இன்றும் தீவுக்குத் தீவு பறக்கிறது. பறக்கும் தசையை வளர்த்துப் பராமரிக்க நிறைய தீனி வேண்டும். துரத்தி வேட்டையாடும் பாலூட்டி இல்லாத தீவில் அந்தச் செலவு எதற்கு?

இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவில் பறக்காத ரெயில் (rail) பறவை ஒன்று உண்டு, நம்மூர் கானாங்கோழியின் குடும்பம். சுமார் 1,36,000 ஆண்டுகளுக்கு முன் தீவைக் கடல் மூடியபோது அங்கிருந்த பறக்காத ரெயில் அழிந்தது. பிறகு அதே மாதிரி ஒன்று மறுபடி தோன்றியது. ‘அழிந்த பறவை உயிர்த்தெழுந்தது’ என்று 2019-இல் தலைப்புகள் வந்தன. செத்தது எதுவும் எழவில்லை. மடகாஸ்கரில் அதன் பறக்கும் சொந்தங்கள் இருந்துகொண்டே இருந்தன. கடல் வடிந்ததும் அவற்றில் சில பறந்து வந்து இறங்கின. அவற்றின் சந்ததிதான் மறுபடி பறப்பதை விட்டது.